2005இல் யாழ்ப்பாணம் வாக்களித்திருந்தால்

2000இல் புளோரிடாவில் புஷ் 537 வாக்குகளால் வென்றார். அல் கோர் வந்திருந்தால் ஈராக் போர் நடந்திருக்குமா என்று அமெரிக்கர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். நமக்கும் அப்படியொரு தேர்தல் உண்டு.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை 180,786 வாக்குகளால் வென்றார். யாழ் மாவட்டத்தில் ஏழு இலட்சம் வாக்காளர், வாக்களித்தவர்கள் 1.2 வீதம். தேர்தலில் தமிழருக்கு அக்கறையில்லை என்று புலிகள் அறிவித்திருந்தார்கள். அதை மீறி வாக்களித்தால் என்னவாகும் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். மகிந்தவுக்குக் கிடைத்தது 50.29 வீதம். அவருக்கு எதிராக இன்னும் 58,000 வாக்குகள் விழுந்திருந்தாலே அவர் பாதிக்குக் கீழே போய், இரண்டாம் விருப்புகளை எண்ண வேண்டி வந்திருக்கும். அது யாழ் மாவட்ட வாக்காளரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ரணில் முந்துவதற்கு, கால்வாசிக்குச் சற்றுக் கூட.

அப்போது போர் நின்றிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. 2002இல் ரணில் கையெழுத்திட்ட போர்நிறுத்தம் அதற்குள் நைந்துவிட்டது. புலிகளிடமிருந்து கருணா பிரிந்துவிட்டார், வெளிவிவகார அமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டுவிட்டார், பாராளுமன்றத்தில் போர்நிறுத்தத்தை எதிர்த்த ஜே.வி.பி.க்கு 39 ஆசனங்கள். போர் தள்ளிப்போயிருக்கலாம், அவ்வளவுதான். மாறியிருக்கக்கூடியது ஆட்சியின் முகம். அமெரிக்காவில் குடியிருந்த கோட்டாபய, அண்ணன் வென்றதால்தான் பாதுகாப்புச் செயலாளரானார். அந்தக் கதிரை கிடைக்காதவர் 2019இல் ஜனாதிபதியாகியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு தவணை வரம்பை நீக்கிய 2010ஆம் ஆண்டின் 18ஆவது திருத்தத்துக்கும் தேவை இருந்திராது.

கொழும்புத் தமிழர் அடுத்து வந்த ஆண்டுகளை வாசலிலேயே பார்த்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. பலாலியில் விமானம் ஏறி இரத்மலானையில் இறங்கவேண்டிய நிலை. 2007 ஜூன் 7 விடியலில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வெளியேற்றினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம்தான் அதைத் தடுத்தது.

2015 ஜனவரி 8இல் யாழ்ப்பாணம் வரிசையில் நின்று வாக்களித்தது. மகிந்தவை எதிர்த்து நின்ற மைத்திரிபாலவுக்கு அந்த மாவட்டத்தில் மட்டும் இரண்டரை இலட்சம் வாக்குகள். மகிந்த நாடு முழுவதிலும் ஏறத்தாழ நாலரை இலட்சம் வாக்குகளால் தோற்றார்.