காதைக் கொடுத்தால் காரும் பேசும்!

சகோதரிகளே, குக்கர் சத்தத்தை வைத்தே உள்ளே பருப்பு எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர்கள் நாம். அந்தக் காது காருக்கும் உதவும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குக் கல்லல். என் கணவர் ஒரு பழைய காரை வாங்கியிருக்கிறார். வாசல் வேப்பமரத்தடியில்தான் அது நிற்கும். பங்குனியில் ஒருநாள் ஏ.சி.யைப் போட்டதும் 'சரசர'வென்று சத்தம். ஃபேனை வேகமாக வைத்தால் சத்தமும் கூடும். ஃபேனை நிறுத்தினால் நின்றுவிடும். காரைக்குடியில் கழற்றிப் பார்த்தால், காற்றைத் தள்ளும் விசிறிக்குள் ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு! முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுவழியாக உள்ளே போயிருக்கிறது.

பத்து நாள் போயிருக்கும், இன்னொரு சத்தம். காலையில் வண்டியைக் கிளப்பியதும், டேஷ்போர்டுக்குப் பின்னால் குடத்துத் தண்ணீர் அலம்புகிற மாதிரி 'களக் களக்'.

"ஏங்க, இது வேற சத்தமா இருக்கே?" என்றேன்.

"திரும்ப இலை போயிருக்கும். உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றார்.

ஃபேனை நிறுத்தியும் இந்தச் சத்தம் நிற்கவில்லையே என்று சொல்ல வாய் வந்தது. பத்தாவது படித்த நாம் என்னத்தைச் சொல்வது என்று அடக்கிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

சித்திரையில் மாமியாரைக் கண் பரிசோதனைக்காக மதுரைக்கு அழைத்துப் போனோம். சிவகங்கை தாண்டியதும் ஏ.சி.யில் குளிர்ச்சி குறைந்தது. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. முன்பக்கமிருந்து குபுகுபுவென்று ஆவி! இவர் இறங்கி, தோள் துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். பக்கத்தில் எங்கள் எட்டு வயது மகள்.

"குக்கர்ல ஆவி அடங்காம மூடியத் தொறப்பீங்களா?" என்று கத்தியே விட்டேன். அப்படியே நின்றுவிட்டார்.

சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். பிறகு வந்த மெக்கானிக் தம்பி, "அக்கா சொன்னதுதான் சரி. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். குக்கருக்குள்ள அழுத்தம் இருக்கறதால 120 டிகிரி வரைக்கும் போகும். ரேடியேட்டரும் அதே மாதிரிதான். சூட்டோட தொறந்தா மொத்தமும் மூஞ்சியில அடிக்கும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது.

ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்து, கூலன்ட் பல நாளாகக் கசிந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறோம்? ஆனாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டருக்கென்று ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. பல கார்களில் எஞ்சின் சுடுதண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டே இருக்குமாம். தண்ணீர் குறைந்து காற்று புகுந்தால்தான் அந்தக் 'களக் களக்'. எத்தனை நாளாக அது என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது!

அந்தத் தம்பி சொன்னதையும், பிறகு காரைக்குடியில் கேட்டதையும் என் சமையல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்:

* ஃபேன் வேகத்தோடு கூடிக் குறையும் சரசரப்பு - பெரும்பாலும் சருகு. 'கீச் கீச்' என்றால் ஃபேன் மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

* ஏ.சி. ஓடும்போது அவ்வப்போது ஒரு 'டக்', நிறுத்தியதும் சில நொடி 'உஸ்' - பயம் வேண்டாம். கம்ப்ரசர் சேர்வதும், கேஸ் அடங்குவதும்தான்.

* ஏ.சி. போட்டதும் எஞ்சின் பக்கம் 'கிறீச்' - பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருக்கலாம். விடாத 'கடகட' என்றால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, மெக்கானிக்கிடம் கம்ப்ரசரைக் காட்டுங்கள்.

* 'களக் களக்' - வண்டி நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிவு.

* ஏ.சி. போட்ட வண்டிக்கு அடியில் சொட்டும் தெளிந்த தண்ணீர் சகஜம். நிறமாக, பிசுபிசுப்பாக இருந்தால் அது கூலன்டாக இருக்கலாம்.

* முள் சிவப்புக்குப் போனால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிடுங்கள். முழுக்க ஆறும்வரை மூடியைத் தொட வேண்டாம். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம், விரிசல் விடலாம்.

அன்று திரும்பும்போது மாமியார் மகனைப் பார்த்து, "அவ சொன்னப்பவே கேட்டிருந்தா, இந்த வெயில்ல நான் புளியமரத்தடியில உக்காந்திருக்க வேண்டாமுல்ல!" என்றார். இவர் வாயே திறக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வண்டியைக் கிளப்பியதும், "என்ன, ஏதாச்சும் சத்தம் கேக்குதா?" என்று என்னைத்தான் கேட்கிறார்.

வண்டிச் சாமான்களின் பெயர் நமக்குத் தெரியாமல் இருக்கலாம். சத்தம் எப்போது வருகிறது, எதை நிறுத்தினால் நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். என்னைப் போல வாயை மூடிக்கொண்டு மட்டும் இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே!

- ஒரு வாசகி, கல்லல்.