கண்ணாடித் தொட்டிக்கு அயிரை போதாதா?

விருதுநகர் ஜில்லாவில் மழை குறைவு. ஆறுகளில் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கலாம். அதனாலேயோ என்னவோ, தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனி ஆசை உண்டு. சிவகாசி அச்சுக்கூடத்து முன்னறையிலும், விருதுநகர்ப் பருப்பு வியாபாரியின் வீட்டுக் கூடத்திலும் கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் நீந்துவதை இன்று காணலாம்.

தொட்டி வாங்கி ஒரு மாதம் ஆனதும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றே. அடியில் அழுக்குச் சேர்கிறதே, கண்ணாடியில் பாசி படிகிறதே, இவற்றைத் தின்று துப்புரவு செய்யும் ஜந்து எது? கடைக்காரர் யோசிப்பதே இல்லை. விரல் நீளமுள்ள கறுத்த மீன் ஒன்றைப் பையிலிட்டு நீட்டிவிடுவார். 'டாங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் அதற்குப் பெயர்.

நாமும் வாங்கினோம். நாம் பணி புரியும் பள்ளியின் விஞ்ஞானக் கூடத்துத் தொட்டியில் அதை விட்டோம். வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அது பாசியைச் சுரண்டித் தின்ற அழகைக் கண்டு பிள்ளைகள் கைகொட்டினர். இரண்டு வருஷத்தில் அது ஓர் அடி நீளம் வளர்ந்தது. செடிகளைப் பிடுங்கியது; இரவில் தூங்கும் பொன்மீனின் உடம்பில் ஒட்டி அதன் வழவழப்பை உறிஞ்சியது. அது தின்ற அழுக்கைவிட இட்ட அழுக்கே அதிகமாயிற்று. அடைமழை பெய்து கண்மாய் நிரம்பிய ஒரு நாள், மாணவன் ஒருவன், "ஸார், இதைக் கண்மாயில் விட்டுவிடலாமே, பாவம், பிழைத்துப் போகட்டும்" என்றான். நமக்கும் அது தர்மமாகவே பட்டது. வாளியும் தயாராயிற்று. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்திராவிட்டால் மறுநாள் பெரும் பிழை செய்திருப்போம்.

சக்கர் மீன் தென் அமெரிக்காவின் அமெஸான், ஒரினோக்கோ முதலிய நதிப் பிரதேசங்களைச் சேர்ந்தது. ஒன்றரை அடிக்கு மேலும் வளரும். உடல் முழுவதும் எலும்புத் தகடுகளே கவசமாக இருப்பதால் நம் வராலோ கொக்கோ அதை எளிதில் விழுங்க இயலாது. நீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையின் வழியாகவே சுவாசிக்கும். ஆண் மீன் கரையில் வளை தோண்டி முட்டைகளைக் காக்கும். நம் கண்மாய்க்கரை மண் கரை என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். கரையில் துளை விழுந்தால் என்ன ஆகும் என்பதை எந்த விவசாயியும் சொல்வார். மெக்ஸிகோ தேசத்தில் இன்பியர்னில்யோ என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் இம்மீன் புகுந்ததால், 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு சில வருஷங்களிலேயே வலையில் ஏறியவற்றில் பெரும்பகுதி இதுவாகவே ஆகிவிட்டது. முள் வலையைக் கிழிக்கும், வாங்குவாரோ இல்லை. கல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலத்து மீன் பண்ணைகளிலும், கேரளம், ஆந்திரம், நம் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் அது வந்து சேர்ந்துவிட்டது. கடல் கடந்து தானாக நீந்தி வரவில்லை. இரக்கமுள்ளவர்களின் வாளிகளிலிருந்தும், வளர்ப்புக் குளங்களிலிருந்தும் தப்பியதுதான்.

நம் சக்கர் இன்றும் பள்ளியின் சிமெண்டுத் தொட்டியில் சௌக்கியமாக இருக்கிறது.

அடிப்படையான ஒரு விஷயத்தைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மீனின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்கும் பிராணி உலகத்தில் கிடையாது. அடிமட்டப் பிராணிகள் மற்ற மீன்கள் விட்ட தீனியைப் பொறுக்கும், சில பாசியை மேயும், அவ்வளவே. கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா என்னும் நஞ்சை நைட்ரைட்டாகவும், அதைப் பின் நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அவை மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மிஞ்சும் நைட்ரேட்டை வெளியேற்ற, வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை நாமேதான் மாற்ற வேண்டும்.

பின் அடியில் எதைத்தான் வளர்ப்பது? அயிரையை வளர்க்கலாம் என்போம். குழம்பில் மட்டுமே அதைக் கண்டவர்கள் நகைக்கக்கூடும். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இச்சிறு மீன் இரண்டு மூன்று அங்குலமே வளரும். வாயைச் சுற்றியுள்ள மீசைகளால் மணலைத் துழாவி, ஒரு வாய் மணலை எடுத்துச் செவுள் வழியே சலித்து விடும் காட்சியை மணிக்கணக்கில் பார்க்கலாம். பயந்தால் மணலுக்குள் புதைந்து கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும்; 30 டிகிரியிலோ சுமார் 7.5தான். நம் சித்திரை வெயிலை இதனுடன் சேர்த்துப் பாருங்கள். அயிரை காற்றை விழுங்கிக் குடலால் சுவாசிக்கவல்லது. தென் அமெரிக்கக் கோரிடோராஸ் மீன்களில் பலவற்றுக்கோ இளஞ்சூடான நீரே உகந்தது.

ஆறு அயிரைகளாவது சேர்ந்து இருக்க வேண்டும். கூரிய சரளைக்கல் மீசையைத் தேய்த்துவிடும். நன்கு கழுவிய நைஸ் மணலே நல்லது. சந்தையில் வாங்கியவற்றைப் பதினைந்து நாள் தனியே வைத்துப் பார்த்து, பின்பு தொட்டியில் விடவும். மூழ்கும் தீனியை விளக்கணைத்த பிறகு இடவும். மூடி அவசியம், துள்ளி வெளியே விழும் வழக்கம் உண்டு.

கண்மாய் நத்தை பாசியோடு செடியையும் தின்னும். இறந்தால் ஒரே இரவில் தண்ணீரை நாற அடித்துவிடும். சிறு இறால் சிறந்த பொறுக்கிதான், பெரிய மீன் பக்கத்தில் இல்லாதிருந்தால். சிவகாசி அன்பர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: மத்தாப்பில் நீல ஒளி தருவது செம்பு உப்பு. நத்தைக்கும் இறாலுக்கும் செம்பு கொடிய விஷம். மருந்து கலந்த கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தொட்டியில் நுழைக்கவே கூடாது.

ஏற்கனவே சக்கர் வளர்ப்பவர்கள் அதைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி உள்ளவருக்குத் தரலாம். கிணறு, ஊருணி, கண்மாய் எதிலும் விட வேண்டாம்.

சென்ற வாரம் சந்தைக்குப் போய்ப் பள்ளித் தொட்டிக்காக உயிர் அயிரை ஆறு மட்டும் கேட்டோம். மீன்கார அம்மாள் நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன ஸார், ஆறு மீனுல என்ன கொழம்பு வைக்கப் போறீக?" என்றாள்.