பழைய ஸ்கூல் பஸ்ஸை வீடா மாத்துறாங்க... டயர் சைஸை மாற்றிப் போடலாமா?

அமெரிக்காவில் ஓடி முடித்த ஸ்கூல் பஸ்ஸை வாங்கி, கட்டில், கிச்சன் வைத்து வீடாக்குவது பிரபலம். 'ஸ்கூலி' என்பது அதன் செல்லப்பெயர். இதில் பலரும் கோட்டைவிடும் இடம், டயர்.

முன்னாடி ஒரு சைஸ், பின்னாடி ஒரு சைஸ் போடலாமா?

பின் சக்கரத்தில் மட்டும் இன்ஜின் விசை போகும் பஸ் என்றால் போடலாம். ஆனால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவாது. பின்னாடி 255/70ஆர்22.5 டயரைக் கழற்றி 11ஆர்22.5 மாட்டினால், விட்டம் சுமார் 5 இன்ச் கூடும். ஸ்பீடோமீட்டர் 50 மைல் காட்டும்போது, பஸ் 56 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்!

எங்கே கலக்கவே கூடாது?

பின்பக்க ஜோடி டயர்களில். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றால் பெரிய டயர் மேல் அதிக பாரம் விழும். சின்னது ரோட்டில் உரசித் தேயும். சூடேறி வெடிக்கும் அபாயம் உண்டு. ஒரே சைஸில் ஒன்று புதுசு, இன்னொன்று தேய்ந்தது என்றாலும் இதே கதைதான். இந்த ரக டயர்களில் விட்ட வித்தியாசம் அரை இன்ச்சைத் தாண்டக் கூடாது. ரேடியல், நைலான் டயர்களை ஒரே ஆக்சிலில் சேர்க்கவும் கூடாது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

தண்ணீர் டேங்க், பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு, எடை மேடையில் ஒவ்வொரு ஆக்சிலையும் தனியாக எடை போடுங்க. டயரின் பக்கவாட்டில் ஒற்றைக்கும் ஜோடிக்கும் தனித்தனி சுமை அளவு இருக்கும், ஜோடிக்குக் குறைவு. தயாரிப்பு எண்ணின் கடைசி 4 இலக்கம் '2319' என்றால், 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் புதுசாகத் தெரிந்தாலும், வயசான ரப்பரை நம்பி குடும்பத்தை ஏற்றாதீங்க.