மருந்துக்குச் சாகாத புழு

பெங்களூரைச் சுற்றிலும் முட்டைக்கோஸ் விளைகிறது. மாலூர், ஹொசகோட்டே பக்கம் போனால் பார்க்கலாம். நம் ஓசூரிலும் உண்டு. இந்தப் பயிரை ஒரு சின்னப் பச்சைப் புழு சல்லடையாகத் துளைத்துவிடும். அது வளர்ந்து அந்துப்பூச்சி ஆகும். சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைரம்போலக் கட்டங்கள் தெரியும். வைரமுதுகு அந்துப்பூச்சி என்பது அதன் பெயர்.

ஒரு மருந்தைப் புதிதாக அடிக்கும்போது புழு சாகிறது. சில வருடம் போனால் சாவதில்லை. "புழுவுக்கு மருந்து பழகிவிட்டது" என்கிறோம். அது சரியல்ல. பழகுவதற்கு முன்பே செத்துப்போகுமே!

பின் நடப்பது என்ன? புழுவின் நரம்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு கதவுகள் உண்டு. அவை திறந்து மூடினால்தான் உடம்பு இயங்கும். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் அந்தக் கதவில் ஆப்புபோலச் செருகிக்கொள்ளும். கதவு மூடாது. புழு துடித்துச் சாகும்.

கதவை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படுகிறது. பார்த்து எழுதும்போது நாம் 'பல்' என்பதைக் 'கல்' என்று எழுதிவிடுவதில்லையா? அதுபோல இங்கும் ஓர் எழுத்து பிசகும். இதுதான் திடீர் மாற்றம். கதவு என்பது சுமார் 2000 மணிகள் கோத்த மாலை. அதில் 1014 என்று விஞ்ஞானிகள் எண்ணிட்ட இடத்தில் லியூசின் என்ற மணி இருக்கவேண்டும். பிசகினால் ஃபினைல் அலனின் வந்துவிடும். அதன்பின் ஆப்பு சரியாகப் பொருந்தாது.

இப்படிப்பட்ட புழுக்கள் மருந்து அடிக்கும் முன்பே எங்கோ சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்கிறது. இவை மிஞ்சிப் பெருகுகின்றன. வெப்பமான ஊர்களில் வருடத்துக்குப் பதினைந்து தலைமுறைக்கு மேல்கூட வரும். 1953இல் ஜாவாவில் இந்தப் பூச்சி டி.டி.டி.யைத் தாங்கியது. டி.டி.டி.யும் அதே கதவில்தான் வேலை செய்கிறது.

ஆகவே கடையில் வேறு பெயருள்ள புட்டியை வாங்கினால் போதாது. சைபர்மெத்ரினுக்குப் பதில் ஃபென்வலரேட் வாங்கினால் பணம்தான் போகும். இரண்டும் ஒரே ஆப்பு. வேறு கதவைத் தாக்கும் புது மருந்துகளும் வந்தன. பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் அந்தக் கதவிலும் ஒரு மணி மாறியதை 2012இல் கண்டு சொன்னார்கள்.

பெங்களூர் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் கடுகை வைத்து ஒரு வழி சொன்னார்கள். 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு போதும். ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு விதைக்கவேண்டும். மற்றதை நட்ட 25 நாள் கழித்து விதைக்கவேண்டும். இந்தப் பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும். அங்கே போய் முட்டையிடும். கடுகில் மட்டும் மருந்து அடிக்கலாம். கோஸுக்கு வேப்பங்கொட்டைச் சாறு, 100 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ பொடி. கோஸில் மருந்து குறைந்தால் சாகக்கூடிய புழுக்களும் கொஞ்சம் மிஞ்சும். அவை வளர்ந்து, தாங்கும் பூச்சிகளோடு இணைசேரும். தாங்கும் குணம் கூட்டத்தில் பரவுவது மெதுவாகும்.