விற்க ஆளில்லாத குளவிக்கு ஒரு பரிசு

நோபல் பரிசுகளில் வேளாண்மைக்கென்று ஒன்று இல்லை. கோதுமை விளைச்சலைப் பெருக்கிய நார்மன் போர்லாக்குக்கே 1970இல் அமைதிப் பரிசைத்தான் கொடுத்தார்கள். அந்தக் குறையைத் தீர்க்க அவர் முன்னின்று 1986இல் தொடங்கியது உலக உணவுப் பரிசு. மறு ஆண்டு அதை முதலில் பெற்றவர் எம்.எஸ்.சுவாமிநாதன், அது நமக்கு நினைவிருக்கிறது. சேலம், நாமக்கல் உழவர்களுக்கு நெருக்கமானதோ 1995ஆம் ஆண்டுப் பரிசு. அதைப் பெற்ற சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரனின் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. வாங்கியவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து ஒரு பரிசை மதிப்பதைவிட, யாரும் விலை பேசி விற்க முடியாத நல்ல வேலையை அது ஊரறியச் செய்ததா என்று பார்ப்பதே சரி.

மரவள்ளி தென்னமெரிக்கப் பயிர். அங்கிருந்து அதன் மாவுப்பூச்சி 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனது. அதைத் தின்று அடக்கிவந்த எதிரிகள் கூடப் போகவில்லை. குருத்து சுருண்டு கொத்தாகி, கிழங்கு வைக்காமல் காடு காடாக அழிந்தது. மெழுகு பூசிய உடம்பு என்பதால் மருந்தும் எளிதில் ஏறாது. 1981இல் பராகுவேயில் அந்தப் பூச்சியின் பூர்விகம் தெரிந்தது. அங்கேயே அதன் உடலுக்குள் முட்டையிடும் ஒரு குட்டிக் குளவியும் கிடைத்தது. ஹெரனின் குழு அதைப் பெருக்கி ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பியது. 2020இல் அதே பூச்சி கேரளத்தில் தென்பட்டு, பிறகு நம் பக்கம் வந்தது. விதைக்குச்சியோடு சேர்ந்தே பயணம் செய்யும் பூச்சிக்கு ஆத்தூரும் ராசிபுரமும் தூரமா என்ன? சேகோ ஆலைகளை நம்பிக் கிழங்கு போட்டவர்கள் தவித்தார்கள். ஆனால் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியைத் தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் அதை வயலில் விட்டார்கள்.

பரிசு இல்லாவிட்டாலும் குளவி வந்திருக்கும் என்று வாதிடலாம். உண்மைதான், பரிசு எதையும் கண்டுபிடிப்பதில்லை. பூச்சிமருந்துப் புட்டிக்குக் கம்பெனி உண்டு, டீலர் உண்டு, சுவர் விளம்பரம் உண்டு. ஒருமுறை விட்டால் தானே பெருகும் குளவிக்காகப் பேச யாருக்கு லாபம்? அந்த இடத்தில்தான் பரிசுக்கு வேலை. பலர் சேர்ந்து செய்ததை ஒருவர் தலையில் சூட்டுவது அநியாயம் என்பதை மறுக்க மாட்டேன். குளவியைத் தேடியவர்கள், வளர்த்தவர்கள், சுமந்தவர்கள் பெயரெல்லாம் பரிசுப் பட்டயத்தில் இல்லை. இதைவிடக் கனமான குற்றச்சாட்டு 2013இல் எழுந்தது. மரபணு மாற்றுப் பயிர்களுக்காக அவ்வாண்டுப் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் மான்சான்டோ நிறுவனத்தின் உயர் அதிகாரி. அந்த நிறுவனமோ பரிசு அறக்கட்டளைக்கு முன்பே 50 லட்சம் டாலர் நன்கொடை தந்திருந்தது. அந்த அறிவியலின் தரம் வேறு விவகாரம். தன் சரக்கைத் தானே விற்றுக்கொள்ளத் தெரிந்த நிறுவனத்தின் அதிகாரிக்கு அந்தப் பரிசு போனது தவறு. 1995இல் குளவிக்குப் போனது சரி.