நகரத்தில் கூடு கட்டும் பருந்து

ஐதராபாத் வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மொட்டைமாடி ஒரு பிரச்சினையாகவே இருக்கிறது. மாசி, பங்குனியில் வடகம் காயவைக்கப் போகிற பெண்களின் தலையைத் தட்டிவிட்டுப் பறக்கிறது ஒரு பறவை. "கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்கிறார்கள். கிறுக்கெல்லாம் இல்லை, பக்கத்தில் எங்கேயோ குஞ்சு இருக்கிறது, அவ்வளவுதான்.

இது கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வதுண்டு. தெலுங்கில் கத்த, உருதுவில் சீல். ஊரில் நம் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் வேறு. அது வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்து. கரும்பருந்தின் வால் மீன்வால் போலப் பிளந்திருக்கும். சங்க நூல்கள் எருவை, பாறு, பருந்து என்று பெயர் பிரித்துச் சொல்கின்றன. நாமோ எல்லாவற்றையும் "கழுகு" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம்.

செகந்திராபாத்தில் என் பாத்திரக்கடைக்குப் பின்னால் உள்ள செல்போன் கோபுரத்தில் ஒரு ஜோடி கூடு கட்டுகிறது. சுள்ளி, இரும்புக் கம்பி, கந்தல், பாலிதீன் பை எல்லாம் அதில் உண்டு. இரண்டு அல்லது மூன்று முட்டை. சுமார் 30 நாள் அடைகாத்தல். குஞ்சு பறக்க மேலும் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாலிதீனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறதாம். ஸ்பெயின் நாட்டில் ஆராய்ந்தவர்கள் 2011இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: வலுவான பறவைகள்தான் வெள்ளைப் பிளாஸ்டிக்கை நிறையப் பரப்பி வைக்கின்றன. "இது என் இடம், வம்புக்கு வராதே" என்று மற்றவைகளுக்கு அறிவிப்பு. நோஞ்சான் பறவைக்கு யாராவது பிளாஸ்டிக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால்கூட அது எடுத்து எறிந்துவிடுகிறது. வீண் பெருமை பேசினால் அடி விழும் என்று அதற்குத் தெரியும். கடைவீதியில் பெயர்ப்பலகை மாட்டும் நமக்கு இது புரியாத விஷயமா!

நகரத்தில் அதற்கு என்ன வேலை? சாப்பாடுதான். இறைச்சிக்கடைக் கழிவு, குப்பைமேடு, எலி. இஸ்லாமிய அன்பர்கள் சத்காவாக எறியும் இறைச்சித் துண்டும் சேர்த்தி; அப்படி எறியும் வழக்கமுள்ள பகுதிகளில் கூடுகள் நெருக்கமாக இருப்பதைத் தில்லியில் ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் இதன் உறவுப் பறவை தெருக் கழிவைத் தின்று வாழ்ந்தது. பிறகு அங்கிருந்து மறைந்தே போயிற்று. 1989 முதல் ஸ்பெயினிலிருந்து குஞ்சு கொண்டுவந்து இங்கிலாந்தில் மறுபடி பெருக்கினார்கள்.

நான் சமணன், ஆகவே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. தில்லி செங்கோட்டைக்கு எதிரே, லால் மந்திர் என்னும் திகம்பரக் கோயிலில் ஒரு பறவை மருத்துவமனை உண்டு. புறா, கிளிகளை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். பருந்துக்கோ கட்டுப் போட்டு அன்றே அனுப்பிவிடும் வழக்கம். அது புலால் உண்ணும் பறவையாயிற்றே. அப்படிப்பட்ட பறவைகளுக்கென்றே நதீம் ஷெசாத், முகமது சவூத் என்ற சகோதரர்கள் தங்கள் வீட்டில் சிகிச்சை தொடங்கினார்கள். அவர்களைப் பற்றிய 'ஆல் தட் ப்ரீத்ஸ்' என்ற ஆவணப்படம் 2022இல் வெளிவந்து, 2023இல் ஆஸ்கார் பரிந்துரை வரை போயிற்று. கோயில் வளாகத்தில் இறைச்சி வைக்க முடியாது என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எங்கள் மரபினர், மனிதரையும் பறவையையும் ஐயறிவு உயிர் என்ற ஒரே வகுப்பில் வைத்தவர். இன்னது தின்னும் பறவை, இன்னது தின்னாத பறவை என்று அவர் பிரிக்கவில்லை. புலால் கொடுக்க எங்களால் ஆகாது. கொடுப்பவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமே, ஆட்டோ கட்டணம் நாம் கொடுக்கலாமே என்பது என் அபிப்பிராயம்.

கூடு கட்டும் காலத்திலேயே நம் சங்கராந்திப் பட்டமும் வந்துவிடுகிறது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் தடை செய்தது. இருந்தும் தை முடிந்த பிறகு மரத்துக்கு மரம் நூல் தொங்குகிறது. சிறகில் சுற்றினால் இழுக்க இழுக்க அறுத்துக்கொண்டே போகும். பிள்ளைகளிடம் பருத்தி நூல் கொடுங்கள். மாடியில் கிடக்கும் நூலைச் சுருட்டிக் குப்பையில் போடச் சொல்லுங்கள். அடுக்ககத்தில் மரக்கிளை கழிப்பதாக இருந்தால் கூட்டைப் பார்த்து, குஞ்சு பறந்த பிறகு ஆனி மாதத்தில் ஆள் கூப்பிடுங்கள். முட்டையோடு கூட்டைக் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதுவரை வடகத்துக்குப் போகிறவர்கள் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.