ஐந்து தனிக் கம்பிகள்

மாண்டலினுக்கு வழக்கமாக எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக. ஜோடிக் கம்பிகளை ஒருசேர அசைத்துக் கர்நாடக இசைக்குரிய கமகம் கொடுப்பது கடினம். மீட்டிய நாதமும் சட்டென்று அடங்கிவிடும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்தார், ஜோடிகளை விட்டு ஐந்து தனிக் கம்பிகள் கட்டினார். அந்தச் சின்ன வாத்தியத்தில் ராகம் நின்று நீண்டது. இசையே கேட்டு வாங்கிய மாற்றம் அது.

எலெக்ட்ரிக் கிடார் வைத்திருக்கும் நம் மதுரைப் பிள்ளைகள் பலருக்கு, இசை கேட்கும் முன்பே, வாங்கிய கையோடு அதைப் பிரிக்கும் ஆசை வருகிறது. கம்பியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பை மாற்றுங்கள், தவறில்லை. கழற்றியதைப் பத்திரப்படுத்தினால் மறுபடி பொருத்தலாம். அதற்காகக் குடைந்த மரம் மட்டும் திரும்ப வராது.

இன்னொன்று. சித்திரை வெயிலில் மரம் வறளும், ஐப்பசி மழையில் ஈரம் ஏறும். கிடாரின் கழுத்து லேசாக வளைந்து, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும். கருவியே மட்டம் என்று அப்போது முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலான கிடார்களில் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக்கம்பி உண்டு. பழகிய கை அதைக் கொஞ்சம் திருகினாலே பல நேரம் இரைச்சல் போய்விடும். புதுப் பாகங்களுக்குப் பணம் எடுத்து வைப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.